தொண்ணூற்று மூன்று டிகிரி

காந்தலில் தண்ணீருக்குப் பொறுமை கிடையாது.
நூறைத் தொடுமுன்பே கொதித்துவிடும்.
தொண்ணூற்று மூன்றில் தளதளவென்று குதித்து
இதற்கு மேல் என்னால் ஆகாது என்கிறது.
பருப்பு வேகாது. பாலியெஸ்டரில் சாயம் ஏறாது.

பருப்புக்குக் குக்கர் இருக்கிறது.
இருபத்திரண்டு கோட்டுகளுக்கு?

திருப்பூரில் இருந்தது.
நூற்று முப்பது டிகிரி, மூடிய எஃகு வயிறு,
கண்ணாடிக்குப் பின்னால் நடுங்கும் முள்.
எட்டு வருஷம் அந்த முள்ளைப் பார்த்தவள் நான்.
அதை நம்பித்தான் எஸ்தாக்கி
மூட்டையை என் வாசலில் இறக்கினார்.
மூடிப்போன ஓட்டலின் பரிமாறுகிறவர்கள் போட்ட வெள்ளைக் கோட்டுகள்.
கைமடிப்பில் இன்னும் சாம்பார் மஞ்சள்.
வெள்ளிக்கிழமை கல்யாண ஊர்வலம்,
பேண்ட் செட்டுக்கு மெரூன் வேண்டும் என்றார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள்
கேரியர் எடுத்து வா என்றார் மாஸ்டர்.
சாப்பாட்டுத் தூக்கை நீட்டினேன்.
பட்டறையே சிரித்தது.

அது வேறு கேரியர்.
பருத்தி யார் கூப்பிட்டாலும் திறக்கும்.
இது நெருக்கியடித்து உட்கார்ந்த பஸ் சீட்,
ஒருவரும் நகர மாட்டார்கள்.
கேரியர் முதலில் ஏறும்,
கொஞ்சம் தள்ளுங்க, கொஞ்சம் தள்ளுங்க என்று
இடம் பிடித்துச் சாயத்தை உட்கார்த்திவிட்டு
அடுத்த ஸ்டாப்பில் தான் இறங்கிக்கொள்ளும்.
அதற்கென்று ஒரு நிறம் கிடையாது.
துணியின் விலையில் அதன் பெயரும் இருக்காது.
அந்தக் காலத்து டின்னில்
பாச்சா உருண்டை நாற்றம்.
நைட் ஷிப்ட் முடிந்து பஸ் நிலையத்தில்
எத்தனை விடியலில் குனிந்து நின்றிருக்கிறேன்.

சேரிங் கிராஸில் தைலக்கடை.
விண்டர்கிரீன், நூறு மில்லி, ஐந்து குப்பி.
மூட்டுவலியா என்றார் கடைக்காரர்.
கோட்டுக்கு என்றேன்.
அவர் சிரிக்கவில்லை, சில்லறை எண்ணினார்.
லேபில் அதன் பெயர் மெத்தில் சாலிசிலேட்.
முழங்காலுக்குள் போகிற வழியும்
இழைக்குள் போகிற வழியும் அதற்கு ஒன்றுதான் போல.

வாடகைக்குப் பிரியாணி அண்டா.
கற்பூரமர விறகு.
சாயத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து திட்டாகிவிடாமல்
பிரித்து நிறுத்த ஒரு பவுடர்,
லிட்மஸ் ஐந்தைக் காட்டும்வரை அமிலம்,
சோப்பில் அடித்துப் பாலாக்கிய தைலம்.
மூன்று மணி நேரம் கிளறினேன்.
தெருவே யாருக்கோ சுளுக்கு என்று நினைத்தது.

மெரூன் ஏறியது.
உண்மையான மெரூன், உலுக்கினாலும் போகாதது.

நூல் மட்டும் ஏமாற்றிவிட்டது.
அளவு குறைத்துத் தைத்த யூனுஸ்
பருத்தி நூல் போட்டிருக்கிறார்.
அது இந்தச் சாயத்தை ஏறெடுத்தும் பார்க்காது.
மெரூன் மேல் வெளுத்த ரோஜா நிறத்தில்
ஒவ்வொரு தையலும் எழும்பி நின்றது.
இடது தோளில் கை நடுங்கிய இடம்,
பிரித்து மறுபடி தைத்த இடம்,
காலருக்குள் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று
நீளநீளமாய்த் தாவிய இடம்.

யூனுஸ் வந்து பார்த்தார்.
ஒவ்வொரு கோட்டாகத் திருப்பி வெகுநேரம் பார்த்தார்.
எல்லாம் தெரியுதேம்மா, என்றார்.

எஸ்தாக்கிக்கு அது டிசைன்.
கூடுதலாக நூறு ரூபாய் கொடுத்தார்.
வெள்ளிக்கிழமை தூறலில் ஊர்வலம் போனபோது
மாப்பிள்ளையின் மாமா கேட்டாராம்,
டிரம் அடிக்கிறவனுக்கு இடுப்பில் என்ன என்று.

கணக்கில் வராத ஒன்று
கொல்லையில் நிற்கிறது.
மிச்சத் தண்ணீர், நூறு லிட்டர், நீல டிரம்மில்.
திருப்பூரில் அது எங்கே போகிறது என்று
எட்டு வருஷத்தில் ஒரு நாளும் கேட்டதில்லை.
இங்கே கேட்க வேண்டியதில்லை.
சாக்கடை இறங்கும் திருப்பத்தில்
செல்லராணியின் கேரட் பாத்தி,
அதற்கும் கீழே ஏரி,
அதற்கும் கீழே பெயர் தெரிந்த ஊர்கள்.

ஊற்றவில்லை இன்னும்.
இன்று காலை உறைபனி.
புல் வெள்ளை, ஸ்கூட்டர் சீட் வெள்ளை.
டிரம்மின் மேல் மட்டும்
அப்பளம் போல் மெல்லிய மெரூன் தகடு.
விரலால் அழுத்தினேன்.
உடைந்தது.
தைல மணம்.